விண்மீன் வளர்வதைக் கண்டவர் யார்?

(நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

பொங்கல் திருநாளை ஒட்டி நிகழும் இவ் ஆண்டு விழாவில் அறிவியல் பற்றிச் சிறிது நேரம் பேசவேண்டும் எனச் சங்கத்தார் எம்மைப் பணித்தனர். பாட்டும் நாடகமும் காத்திருக்கும் மேடையில் வானநூல் பேசுவது சற்றுத் துணிவான செயலே. ஆயினும், இங்குத் தீர்க்கவேண்டிய கடன் ஒன்று எமக்கு உண்டு. சென்ற ஆண்டு இக் குடியிருப்பின் விளையாட்டுத் திடலில், சிறியதொரு தொலைநோக்கி வழியே சிறுவர்க்கு வானத்தைக் காட்டினோம். 'இது இளமையான மீன், அது முதுமை எய்திய மீன்' என்று யாம் சொல்லிக்கொண்டே வந்தபோது, எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, "அது வளர்ந்ததை யார் பார்த்தார்கள், மாமா?" என்று கேட்டாள். "விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள், அம்மா" என்று சொல்லி, வரிசையில் நின்ற அடுத்த பிள்ளையை அழைத்துவிட்டோம். வீடு திரும்பிய பின்னரே, அது விடையன்று, வினாவைத் தட்டிக் கழித்த செயல் என்பது எமக்கு உறைத்தது. அவளுக்கு உரிய விடையை இன்று இவ் அவையில் செலுத்த விரும்புகின்றோம்.

அவள் கேட்டது நேரிய வினா. நம் ஞாயிறு தோன்றி ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் 500 கோடி ஆண்டுகள் அது இவ்வாறே ஒளிரும் என்பர். கலிலியோ தொலைநோக்கியை வானத்தின்பால் திருப்பியது 1609-ஆம் ஆண்டில். அன்று முதல் இன்று வரை நானூறு ஆண்டுகளே கழிந்துள்ளன. ஆயிரங் கோடி ஆண்டு வாழும் ஒன்றை நானூறு ஆண்டு பார்ப்பது, எண்பது ஆண்டு வாழும் ஒருவரை ஒன்றரை நிமிடத்திற்குச் சற்று மேலாகப் பார்ப்பதற்கு ஒப்பாகும். அந்த ஒன்றரை நிமிடப் பார்வையைக் கொண்டு பிறப்பும் வளர்ச்சியும் இறப்பும் எழுதப்பட்டன என்றால், எவ்வாறு எழுதினர் எனக் கேட்பது அறிவுடைமையே அன்றோ?

மனிதரைக் கண்டறியாத அயலான் ஒருவன், இம் மண்டபத்துள் ஒன்றரை நிமிடம் மட்டும் நின்று வெளியேறுகின்றான் எனக் கொள்வோம். அந்நேரத்துள் ஒரு குழந்தையும் வளர்வதில்லை. ஒரு முடியும் நரைப்பதில்லை. எனினும், தாயின் மடியில் கைக்குழந்தை கிடப்பதை அவன் காண்கின்றான். நாற்காலிகளுக்கிடையே ஓடும் சிறாரையும், வாயிலில் சந்தனமும் கற்கண்டும் நீட்டி நிற்கும் இளைஞரையும், முன்வரிசையில் வீற்றிருக்கும் பணி ஓய்வு பெற்ற பெரியோரையும் காண்கின்றான். இவர்கள் வெவ்வேறு இனத்தார் அல்லர், ஒரே வாழ்வின் வெவ்வேறு பருவத்தார் என்பதை அவன் ஓர்ந்து உணரக்கூடும். ஒருவர் வாழ்வை முழுதும் காண இயலாதவன், பலரை ஒருங்கே கண்டு ஒருவர் வாழ்வை அறிகின்றான். வானநூலார் கொண்ட வழியும் இதுவே.

ஆனால், இவ்வழியில் ஓர் இடர் உண்டு. நெடிய உருவினரான நம் செயலாளரையும் சற்றே குறுகிய உருவினரான நம் பொருளாளரையும் அவ் அயலான் ஒருங்கே கண்டால், 'இவர் இன்னும் சில ஆண்டுகளில் அவராகி விடுவார்' என்று முடிவு கட்டலாம். பருவத்தால் வந்த வேறுபாடு எது, இயல்பால் வந்த வேறுபாடு எது என்று பிரித்தறிவதே இக் கலையின் உயிர்நிலை. வானநூலாரும் முதலில் இப்பிழையைச் செய்தவர்களே. வெண்ணிற மீன்கள் எல்லாம் இளையவை, அவையே ஆறி ஆறிச் செந்நிறம் அடைகின்றன என்று பலர் எண்ணினர். அக்கருத்து கைவிடப்பட்டு நூறாண்டு ஆகியும், வெம்மை மிக்க மீனை 'முற்பட்ட வகை' என்றும், வெம்மை குறைந்ததைப் 'பிற்பட்ட வகை' என்றும் அவர்கள் வழங்கும் பழக்கம் மட்டும் இன்னும் மாறவில்லை.

இனி, பருவத்தைப் பிரித்தறிய என்னென்ன அளவுகள் வேண்டும் என்று காண்போம். முதலாவது வெம்மை. இதனை இவ் அவைக்கு விளக்கவேண்டிய தேவையே இல்லை. உருக்காலையில் பணிபுரியும் நீங்கள் உலையுள் கையை விட்டா சூட்டை அறிகின்றீர்கள்? செந்நிறமாய்க் கனன்ற இரும்பு, சூடேறச் சூடேற மஞ்சளாகிப் பின் வெண்மை கொள்வதைக் கண்ணாலும் பைரோமீட்டராலும் அளக்கின்றீர்கள். விண்மீனுக்கும் அதே விதிதான். சிவந்து தோன்றும் திருவாதிரையும் கேட்டையும் மேற்பரப்பில் ஏறத்தாழ 3,300 பாகை சென்டிகிரேடு வெம்மை உடையவை. மஞ்சள் ஞாயிறு 5,500 பாகை. நீலம் தோய்ந்த வெண்மையுடைய சித்திரையோ 20,000 பாகைக்கு மேற்பட்டது.

இரண்டாவது, விண்மீன் எப்பொருளால் ஆகியது என்பது. பிரெஞ்சு மெய்யியலார் ஒகுஸ்த் கோம்த் 1835-இல், விண்மீன்களின் உட்பொருளை மனிதன் ஒருபோதும் அறிய இயலாது என்று எழுதினார். கால் நூற்றாண்டு முழுதும் கழியுமுன் அவர் கூற்று பொய்த்தது. 1859-இல் ஜெர்மனியில் கிர்க்காஃப், புன்சன் என்னும் இருவர், ஒளியைப் பட்டகத்தால் நிறமாலையாக விரித்தால் அதில் தோன்றும் கோடுகள் ஒவ்வொரு தனிமத்திற்கும் உரிய கைரேகை போன்றவை என்று நிறுவினர். ஆயினும், அக்கோடுகளைச் சரிவரப் படிக்கும் திறவுகோல் நம் நாட்டினின்றே கிடைத்தது. 1920-இல் கல்கத்தாவைச் சேர்ந்த மேகநாத் சாகா, வெம்மைக்கு ஏற்ப அணுக்கள் மின்னணுக்களை இழக்கும் அளவைக் கணிக்கும் சமன்பாட்டை வெளியிட்டார். ஒரு கோடு வலிமையுடன் தோன்றினால் அப்பொருள் மிகுந்துள்ளது என்று மட்டும் கருதலாகாது, வெம்மையும் அதற்குக் காரணம் என்பது அதனால் விளங்கிற்று.

சாகாவின் சமன்பாட்டைக் கையிலெடுத்து, 1925-இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் செசிலியா பெய்ன் என்னும் இளம்பெண் தம் ஆய்வுரையை எழுதினார். விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை என்பதே அவர் கண்ட முடிவு. பூமியில் உள்ள பொருள்களே ஏறத்தாழ அதே அளவில் ஞாயிற்றிலும் உள்ளன என்று அறிஞர் உலகம் நம்பிய காலம் அது. ஹென்றி நாரிஸ் ரஸல் என்னும் பேரறிஞர் அம்முடிவை ஏற்கவில்லை. தாம் கண்டது பெரும்பாலும் உண்மையாக இராது என்று பெய்ன் தம் நூலிலேயே எழுதநேர்ந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1929-இல் ரஸலே வேறு வழியில் அதே முடிவை அடைந்து, பெய்ன் கூறியது சரியென ஒப்புக்கொண்டார். ஹார்வர்டில் பெய்ன் முழுப் பேராசிரியர் ஆனது 1956-இல்.

மூன்றாவது, உண்மையான ஒளிவலிமை. அதற்குத் தொலைவு தெரியவேண்டும். பூமி ஞாயிற்றைச் சுற்றுகையில், அண்மையில் உள்ள மீன் சற்றே இடம் பெயர்வதுபோல் தோன்றும். அப்பெயர்ச்சியை அளந்து தொலைவை அறியும் முறையை 1838-இல் பெசல் வெற்றியுடன் கையாண்டார். இவ்வாறு வெம்மையும் ஒளிவலிமையும் தெரிந்த மீன்களை, 1911 முதல் 1913 வரை ஹெர்ட்ஸ்ப்ரங்கும் ரஸலும் தனித்தனியே ஒரு வரைபடத்தில் புள்ளிகளாக இட்டனர். புள்ளிகள் கண்டபடி சிதறவில்லை. பத்தில் ஒன்பது மீன்கள் ஒரே சாய்ந்த பட்டையில் அமர்ந்தன. அதனை முதன்மை வரிசை என்பர். எஞ்சியவற்றுட் சில, ஒளி மிகுந்த செம்பெருமீன்கள். சில, ஒளி குன்றிய வெண்குறுமீன்கள்.

இப்போது அயலானின் இடருக்கு வருவோம். இவற்றுள் இயல்பு எது, பருவம் எது? வானநூலார் கொத்து மீன்களை நாடினர். பள்ளியில் ஒரே வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால், அவர்களுள் காணும் வேறுபாடு வயதால் வந்ததாக இராது. அதுபோல, ஒரே முகிலினின்று ஒருங்கே பிறந்த விண்மீன்கள் கொத்துக்கொத்தாக வானில் உள்ளன. நாம் விளக்கேற்றி வணங்கும் கார்த்திகை அத்தகையதொரு கொத்தே. வயது ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகள். அதில் மிகப் பருத்த மீன்கள் முதன்மை வரிசையை விட்டு விலகத் தொடங்கியுள்ளன. ஆயிரத்து இருநூறு கோடி ஆண்டு அளவில் வயதுடைய உருண்டைக் கொத்துகளிலோ, ஞாயிற்றை ஒத்த எடையுடையவையும் விலகிவிட்டன. இலேசானவை மட்டுமே வரிசையில் எஞ்சியுள்ளன. எந்த எடை வரை விலகியுள்ளன என்று கண்டால் கொத்தின் வயது தெரியும். எரிந்து குறைந்த மெழுகுவத்தியைக் கண்டு கழிந்த நேரத்தைச் சொல்வது போன்றது இது.

பருத்தவை ஏன் முதலில் முடிகின்றன? விண்மீனின் அடுப்பில் எரிவது ஹைட்ரஜன்; அது ஹீலியமாக மாறும்போது ஆற்றல் பிறக்கின்றது. இதன் படிகளை 1939-இல் ஹான்ஸ் பெத்தே விளக்கினார். ஞாயிறு நொடிதோறும் ஏறத்தாழ அறுபது கோடி டன் ஹைட்ரஜனை ஹீலியமாக்குகின்றது. ஞாயிற்றைப் போல் பத்து மடங்கு எடையுள்ள மீன், பத்து மடங்கு சம்பளம் வாங்கிச் சில ஆயிரம் மடங்கு செலவழிக்கும் குடும்பத்தை ஒத்தது. அதன் வாழ்நாள் இரண்டு கோடி ஆண்டு அளவில் முடிந்துவிடும். சிக்கனமான சிறு செம்மீனோ இலட்சம் கோடி ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஆகவே, ஆண்டுக்கணக்கு வேறு, முதுமை வேறு. திருவாதிரை பிறந்து ஒரு கோடி ஆண்டு அளவே ஆயிற்று. கார்த்திகையை நோக்க அது பச்சிளம் வயது; ஆயினும் இறுதியை நெருங்கி நிற்கும் முதுமீன் அதுவே.

விண்மீனின் இறுதியைப் பற்றிப் பேசுகையில், நம்மவர் ஒருவரை நினையாமல் இருக்க இயலாது. சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910-இல் பிறந்த இடம் இலாகூர். தந்தையார் அங்கே இரயில்வேயின் கணக்குத் துறையில் பணியாற்றினார். பிழைப்பின் பொருட்டுத் தொலைவூரில் குடியமர்ந்த நம் போன்ற தமிழ்க் குடும்பமே அது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930-இல் பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கப்பற் பயணத்தில் தொடங்கிய கணக்கு, ஒரு வெண்குறுமீனின் எடை ஞாயிற்றைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்படின் அது நிலைத்து நிற்க இயலாது, மேலும் மேலும் சுருங்கியே தீரும் என்ற முடிவில் கொண்டு நிறுத்திற்று. 1935 ஜனவரி 11-ஆம் நாள் இலண்டனில் வானநூற் கழகக் கூட்டத்தில் அவர் அதனை உரைத்தார். அடுத்து எழுந்தவர், அக்காலத்தில் இத்துறையின் தலைமகனாக விளங்கிய எடிங்டன். அம்முடிவு பொருந்தாதது என்று அவர் எள்ளி ஒதுக்கினார், அவையோர் நகைத்தனர். இருபத்து நான்கு வயது இளைஞருக்கு அது எத்தகைய அடியாக இருந்திருக்கும்! சந்திரசேகர் சண்டை வளர்க்கவில்லை. தம் கணக்கைக் கைவிடவும் இல்லை. நூலாக எழுதி வைத்துவிட்டு வேறு ஆய்வுகளில் இறங்கினார். காலம் அவர் பக்கம் தீர்ப்புரைத்தது. 1983-இல் நோபெல் பரிசு அவரை நாடி வந்தது.

அன்பர்களே, 'கணக்குச் சரி, கண்ணால் கண்டதுண்டா?' என்று அச் சிறுமி மீண்டும் கேட்பாள். உண்டு. 1987 பிப்ரவரி 23-ஆம் நாள், நம் பால்வீதியின் துணைத் தொகுதியான பெரிய மகெல்லன் முகிலில் ஒரு விண்மீன் வெடித்த ஒளி பூமியை அடைந்தது. பருத்த மீனின் நடுவே ஹைட்ரஜன் ஹீலியமாகி, அது கரியாகி, பின்னும் பல படிகளைக் கடந்து இரும்பாகும். இரும்பை எரித்து ஆற்றல் பெற இயலாது. தாங்குவார் இன்றி நடுப்பகுதி ஒரு நொடிக்குள் இடிந்து விழும். அப்போது நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் வெள்ளமெனப் புறப்படும். கணக்குச் சொன்னது இது. அந்நாளில் ஜப்பானில் நிலத்தடிச் சுரங்கத்தில் இருந்த கருவி பதினொரு நியூட்ரினோக்களைப் பதிவு செய்தது. அமெரிக்காவில் மற்றொன்று எட்டினைப் பதிந்தது. வெடிப்பின் ஒளி தெரிவதற்குச் சில மணி நேரம் முன்னரே அவை வந்துவிட்டன. ஆனால் ஒன்று: வெடித்த மீன் சிவந்ததாக இருக்கும் என எதிர்பார்த்தனர், பழைய படங்களைப் புரட்டியபோது அது நீல மீனாக இருந்தது. கணக்கின் அடிப்படை நின்றது, விவரங்கள் திருத்தப்பட்டன.

உங்கள் ஆலையில் உருகியோடும் இரும்பின் பிறப்பிடமும் விண்மீன்களின் வெடிப்புகளே. நம் குருதியில் உள்ள இரும்பும் அவ்வாறே. இத் தனிமங்கள் விண்மீன்களுள் சமைக்கப்பட்ட வகையை 1957-இல் பர்பிட்ஜ் தம்பதியரும் ஃபௌலரும் ஹாயிலும் விரிவாக எழுதினர்.

இனி, விண்மீன் மண்டலங்கள். பல்லாயிரங் கோடி விண்மீன்கள் ஒன்றுகூடிய பெருந்தொகுதியே மண்டலம். நம் பால்வீதி அவற்றுள் ஒன்று. அண்ட்ரோமீடா என்பது நம் பால்வீதிக்கு அப்பாற்பட்ட தனி மண்டலம் என்பதை, 1923-இல் அங்கே ஒளி மாறும் மீன் ஒன்றைக் கண்ட ஹபிள் நிறுவினார். அதற்குரிய அளவுகோலை முன்பே வகுத்துத் தந்தவர் ஹென்றியெட்டா லெவிட் என்னும் பெண்மணி. அண்ட்ரோமீடாவின் ஒளி நம்மை அடைய 25 இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன.

இங்கே வானநூலார்க்கு ஒரு நற்பேறு வாய்த்தது. கைப்பேசி வருமுன், ஊரிலிருந்து நமக்கு வந்த கடிதம் நான்கு நாள் பழைய செய்தியையே சொல்லும். தொலைவு கூடக் கூடச் செய்தி பழையதாகும். வானிலும் அப்படியே. தொலைவில் உள்ள மண்டலத்தை நாம் அதன் பழைய உருவிலேயே காண்கின்றோம். 1995 டிசம்பரில், சப்தரிஷி மண்டலத்தின் பக்கம், வெறுமையாகத் தோன்றிய ஓரிடத்தை ஹபிள் விண்தொலைநோக்கி பத்து நாள் உற்று நோக்கிற்று. கையை நீட்டிப் பிடித்த மணல்மணி மறைக்கும் அளவே அவ்விடம். அங்கே ஏறத்தாழ மூவாயிரம் மண்டலங்கள் தோன்றின. அண்மையவை ஒழுங்கான வடிவிலும், மிகத் தொலைவானவை சிறியனவாயும் சிதைந்த வடிவினவாயும் இருந்தன. 2021 டிசம்பர் 25-இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, பெருவெடிப்புக்குப் பின் முப்பது கோடி ஆண்டுகள் நிரம்புமுன் இருந்த மண்டலங்களையே காட்டிவிட்டது. அவை எதிர்பார்த்ததினும் ஒளி மிக்கனவாய் இருப்பதால், பழைய கணக்குகள் மீண்டும் ஆராயப்படுகின்றன.

இவ்வாறு பல காலத்து மண்டலங்களை அடுக்கிப் பார்த்ததில் ஒன்று தெளிவாயிற்று. விண்மீன்கள் மிகுதியாகப் பிறந்த காலம் ஏறத்தாழ ஆயிரங் கோடி ஆண்டுகளுக்கு முன். இன்று அப்பிறப்பு பத்தில் ஒரு பங்கு அளவாகக் குறைந்துள்ளது. ஏன் குறைந்தது? புனே நகருக்கு வடக்கே, ஒவ்வொன்றும் 45 மீட்டர் அகலமுடைய முப்பது கிண்ணங்களால் ஆன வானொலித் தொலைநோக்கி இவ்வினாவுக்கு விடை தேடிற்று. எண்ணூறு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட ஏழாயிரத்திற்கு மேற்பட்ட மண்டலங்களின் மெல்லிய வானொலி அலைகளை ஒன்றுதிரட்டி, அவற்றில் இருந்த ஹைட்ரஜனை 2020-இல் நம் நாட்டு ஆய்வாளர் அளந்தனர். அவ்வளவு விரைவில் விண்மீன்களைப் பெற்றால், கையிருப்பு நூறு இருநூறு கோடி ஆண்டுகளில் தீர்ந்துவிடும். புது வரவு குன்றியதால் பிறப்பும் குன்றியது என்று அவர்கள் கண்டனர்.

நம் பால்வீதியின் வரலாறு நமக்கு இன்னும் நெருக்கமானது. 2013-இல் ஏவப்பட்டு 2025 ஜனவரி வரை வானத்தை அளந்த கையா என்னும் விண்கலம், நூறு கோடிக்கு மேற்பட்ட விண்மீன்களின் இடத்தையும் இயக்கத்தையும் கணித்தது. அவற்றுள் ஒரு கூட்டம் வேறு விதமாக ஓடுகின்றது. அதன் உட்பொருள் விகிதமும் வேறு. ஆயிரங் கோடி ஆண்டுகளுக்கு முன் பால்வீதியோடு மோதிக் கலந்த சிறியதொரு மண்டலத்தின் மீன்கள் அவை என்று 2018-இல் அறிந்தனர். இக் குடியிருப்பில் நாற்பது ஆண்டு வாழ்ந்தவரும், வாய் திறந்த அளவில் நெல்லைக்காரர், தஞ்சைக்காரர் என்று தெரிந்துவிடுவது போல, வந்தேறிய விண்மீனும் தன் நடையாலும் உட்பொருளாலும் பிறந்த இடத்தைச் சொல்லிவிடுகின்றது. ஆனால் இன்று அவை பால்வீதியின் மீன்களே. அவற்றை ஒதுக்கிப் பால்வீதியின் வரலாற்றை எழுத இயலாது.

ஆகவே சிறுமியே, நீ இவ் அவையில் இருப்பின் கேள். ஒரு விண்மீன் பிறந்து வளர்ந்து மடிவதை முழுதும் கண்டவர் எவரும் இல்லை. பலர், பல நாட்டினர், பலவற்றைக் கண்டு, அளந்து, ஒருவர் பிழையை மற்றொருவர் திருத்திச் சேர்த்த அறிவு இது. அதில் கல்கத்தாவின் சாகாவுக்கும், ஒருகாலத்தில் நம்பப்படாத பெய்னுக்கும், நகைக்கப்பட்ட சந்திரசேகருக்கும் பங்கு உண்டு. கேட்ட வினாவைத் தட்டிக் கழிக்காதவர்களால் மட்டுமே அது வளர்ந்தது. அன்று யாம் தட்டிக் கழித்தமைக்கு எம்மைப் பொறுத்தருள்க.

விழா முடிந்து உணவருந்தச் செல்லுமுன், ஆலை விளக்குகள் மறைக்காத பக்கம் சென்று ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள். இத் தை மாத இரவில், வேட்டைக்காரன் எனப்படும் ஓரியன் தொகுதி நன்கு தெரியும். அவன் இடைக்கச்சையில் மூன்று மீன்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் கீழே மங்கலாய்த் தெரியும் புகைத்திட்டு, விண்மீன்கள் இன்றும் பிறந்துகொண்டிருக்கும் தொட்டில். தோளில் சிவந்து நிற்பது, இறுதியை நெருங்கும் திருவாதிரை. சற்று மேலே தள்ளி, ஒரே வயதுப் பிள்ளைகளாய்க் கூடியிருப்பது கார்த்திகை. தொட்டிலும் இளமையும் முதுமையும் ஒரே பார்வையில் அகப்படும். விடுமுறையில் ஊர் செல்வோர் வாணியம்பாடிப் பக்கம் போனால், சவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1986 முதல் அங்கே பணிபுரியும் பெரிய தொலைநோக்கி நம் நாட்டிலேயே உருவானது. அங்கும் பிள்ளைகள், 'யார் பார்த்தார்கள்?' என்று கேட்கட்டும்.